டார்வின் முதல் ஆலிஸ் வரை: மிச்சத் தண்ணீரில் ஒரு பங்கு

ஜூலை 12, சனி – டார்வின்

மெல்போர்னில் 6 டிகிரிக் குளிரில் ஸ்வெட்டரோடு விமானம் ஏறினோம், டார்வினில் இறங்கினால் 30 டிகிரி. மைத்துனன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பாராப் சந்தைக்கு ஓட்டிப் போனான். சனிக்கிழமை காலையில் ஊரே அங்கேதான் நிற்கிறது, எல்லார் கையிலும் லக்சா. தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்து கொதித்த அந்தக் குழம்பை ஒரு வாய் உறிஞ்சியதும் இரவெல்லாம் தூங்காத அலுப்பு பாதி இறங்கிவிட்டது. கிண்ணம் 17 டாலர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கள் மேசையில் இடம் பத்தாததைப் பார்த்து, கேட்காமலே தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

இந்தப் பயணம் சுற்றிப் பார்க்கத்தான். டார்வினிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 1,500 கி.மீ. போனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அங்கிருந்து விமானத்தில் வீடு. ஆனால் மைத்துனன் கட்டுமான வேலையில் இருப்பவன், பூர்வகுடிக் கிராமங்களில் வீடு கட்டப் போய் வருகிறவன். இரவு சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னான்: "அத்தான், நிலம் இருக்கு, பணமும் எப்படியோ வந்துடுது. இத்தனை வீட்டுக்கு அந்த போர்ல தண்ணி வருமான்னு கேட்டாத்தான் ஆளாளுக்கு முகத்தைப் பாக்குறாங்க." டார்வினில் வருடத்துக்கு 1,700 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, அதுவும் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆலிஸில் வருடத்துக்கு 300 மி.மீ.கூடத் தேறாது. நடுவில் இருப்பவர்கள் நிலத்தடியைத்தான் நம்பியிருக்கிறார்கள். இந்த இரண்டு ஊரும் அடங்கிய ஆஸ்திரேலியப் பிரதேசமான நார்தர்ன் டெரிட்டரியில் 72 தொலைதூரப் பூர்வகுடி ஊர்களுக்கு அரசின் தனிப்பிரிவு ஒன்று தண்ணீர் கொடுக்கிறது, அதில் பெரும்பாலும் போர் தண்ணீர். அவன் சொன்னது வழியெல்லாம் என்னோடு வந்தது.

ஜூலை 13, ஞாயிறு – கேத்தரின் போகும் வழி

வாடகைக் கார், மைத்துனன்தான் ஓட்டினான். அடிலெய்ட் ரிவரில் ஆளுக்கொரு பர்கர், மூன்று பேருக்கு 70 டாலர் ஆனது. அதைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் எதிரே வந்த ரோட் டிரெயின் ஒரு கல்லை எடுத்து எங்கள் கண்ணாடியில் அடித்தது. இந்த வண்டிகளைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: ஒரே லாரி, பின்னால் மூன்று, நான்கு பெட்டிகள், 50 மீட்டருக்கு மேல் நீளம். அது கடக்கும்போது கார் ஒரு ஆட்டம் ஆடி அடங்கும். கண்ணாடியில் விழுந்த புள்ளி, பைன் கிரீக் வருவதற்குள் சாண் நீளத்துக்கு ஓடிவிட்டது. வாடகைக் கம்பெனியை அழைத்தால் 40 நிமிடம் பாட்டு, அப்புறம் லைன் கட்.

பைன் கிரீக்கில் கேரவன் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு வயதான தம்பதி, நாங்கள் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வந்தார்கள். அந்தப் பெரியவர் தன் வண்டியிலிருந்து கண்ணாடி மாதிரியான ஒரு ஒட்டுத்தாளை எடுத்து, துடைத்து, விரிசல் முனையில் ஒட்டி, கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினார். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று ஒரு கேள்விகூட இல்லை. "குடிதண்ணீர் எத்தனை லிட்டர் வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். 20 என்றோம். "பத்தாது, கேத்தரினில் இன்னொரு கேன் வாங்குங்கள்" என்றார் அந்த அம்மாள்.

ஜூலை 14, திங்கள் – கேத்தரின்

காலையில் நிட்மிலுக் பள்ளத்தாக்கு. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு, அதில் படகு. ஆளுக்கு 100 டாலருக்கு மேல், ஆனால் கொடுத்த காசுக்கு மனம் நிறைந்தது, ஏனென்றால் படகு நிறுவனமே இந்த மண்ணுக்குரிய ஜாவொய்ன் மக்களுடையது. 1989இல் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு இந்த நிலம் அவர்களிடம் திரும்பியது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக அரசுக்கே 99 வருடக் குத்தகைக்கு விட்டு, அரசோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். படகோட்டிய இளைஞர் நபிலில் கதையைச் சொன்னார்: தண்ணீரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக வந்த அந்த ஆதிப்பிறவி, சில்வண்டுச் சத்தம் கேட்டு இந்தப் பள்ளத்தாக்கின் வாயிலில் தங்கினானாம், இந்த இடத்துக்குப் பெயரும் வைத்தானாம். அந்தப் பையன் அதை யாருக்கோ ஒப்பிப்பது போலச் சொல்லவில்லை, பாட்டன் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

கண்ணாடி மாற்றும் கடையில் மதியம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மைத்துனன் கடையிலேயே உட்கார்ந்துவிட, நானும் மனைவியும் ஆற்றோரப் பூங்காவுக்கு நடந்தோம். அங்கே மரத்தடியில் ஒரு பெரியம்மா தன் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். இங்கே பூர்வகுடிப் பெரியவர்களை எல்லாரும் ஆன்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மனைவி பையிலிருந்து முறுக்கை நீட்டியதும் பேச்சு தொடங்கியது. பேத்தி முறுக்கின் ஒரு வளையத்தை உடைத்து விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டது.

ஆற்றைக் காட்டி, "மீன் பிடிப்பீர்களா ஆன்டி?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: முன்பு தினம் பிடிப்போம், அப்புறம் சாப்பிடாதே என்றார்கள், அப்புறம் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார்கள், இப்போது என்ன சொல்கிறார்கள் என்று யாரைக் கேட்பது? விஷயம் இதுதான். பக்கத்தில் டிண்டல் விமானப்படைத் தளத்தில் 1988 முதல் 2004 வரை பயன்படுத்திய தீயணைப்பு நுரையில் இருந்த பிஃபாஸ் என்ற ரசாயனம் நிலத்தடி நீரிலும் ஆற்றிலும் கலந்துவிட்டது. அது எளிதில் அழியாது, உடலிலும் தங்கும். 2017இல் கேத்தரின் முழுக்கத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. 2020இல் கேத்தரினும் இன்னும் இரண்டு ஊர்களும் சேர்ந்து போட்ட வழக்கில் 21.25 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இப்போது ஊருக்குப் புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, குழாய்த் தண்ணீர் சுத்தம். ஆனால் ஆற்றிலிருந்து சோறு எடுத்தவர்களுக்குக் குழாய் சுத்தமானால் மட்டும் போதுமா? சொத்து மதிப்பு குறைந்ததற்கு நட்டஈடு உண்டு. பேத்திக்கு ஆற்று மட்டி எடுக்கக் கற்றுத்தர முடியாமல் போன வருடங்களுக்கு எந்தக் கோர்ட்டில் கணக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு 480 டாலர், ரசீதை வைத்திருக்கிறோம்.

ஜூலை 15, செவ்வாய் – மாத்தரங்கா

105 கி.மீ.தான், காலை பத்து மணிக்கெல்லாம் தண்ணீருக்குள் இருந்தோம். பிட்டர் ஸ்பிரிங்ஸில் தண்ணீர் எந்நேரமும் 34 டிகிரி. ஆழம் எவ்வளவு என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. அடியில் பாசி ஆடுவது, அதற்குள் ஒரு குட்டி ஆமை கழுத்தை நீட்டுவது எல்லாம் தெரிகிறது. நீந்த வேண்டியதே இல்லை, மல்லாந்தால் அதுவே பனைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்து ரெயின்போ ஊற்றில் மட்டும் தினம் சுமார் 3 கோடி லிட்டர் பொங்குகிறதாம். அங்கே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. நாற்றம் தாங்காமல் மனைவி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டாள். மதியம் பாராமுண்டி மீனும் சிப்ஸும், 29 டாலர். மீன் நன்றாக இருந்தது, உப்புதான் அதிகம்.

இந்த மழையில்லாத மாதத்தில் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நூற்றுக்கணக்கான கி.மீ. பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் பொந்துகள் வழியாக, தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நிலத்துக்கு அடியில் ஊர்ந்து வந்து இங்கே வெளியே தலைகாட்டுகிறது. இதுதான் ரோப்பர் ஆற்றுக்கு மழையில்லாத மாதங்களிலும் உயிர். ஆறு கிழக்கே ஓடி, நுக்கர் போன்ற பூர்வகுடி ஊர்களைத் தொட்டு, கார்ப்பன்டாரியா வளைகுடாவில் சேர்கிறது. இதே கல்லில் போர் போட்டுத்தான் இந்தப் பக்கம் தர்பூசணி விளைகிறது. மெல்போர்னில் குளிர்காலத்தில் நான் வாங்கும் தர்பூசணியில் பாதி இங்கே உறிஞ்சிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே சந்தித்த ஒரு பெண் ரேஞ்சர், இந்த மண்ணுக்குரிய மங்கராயி சமூகத்தைச் சேர்ந்தவர், பாசியைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தானாகவே 'தண்ணீர் இருப்பு' என்ற ஓர் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார். அதுவரை எனக்கு இது தெரியாது. நார்தர்ன் டெரிட்டரியில் 2019இல் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தி, ஒரு வட்டாரத்தில் எடுக்கக்கூடிய தண்ணீரில் ஒரு பங்கைப் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கி வைக்க வழி செய்தார்கள். உச்சமாக 30 சதவீதம். அதில் அவர்கள் சொந்தமாக விவசாயம் செய்யலாம், அல்லது மற்றவருக்குப் பயன்படுத்தக் கொடுத்து வருமானம் பார்க்கலாம். அதற்கு முன்பும் இப்படி ஒரு திட்டம் இருந்து, 2012இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. பூர்வீக உரிமைச் சட்டம் 1993 என்ன கொடுக்கிறது? குடிக்கலாம், சமைக்கலாம், மீன் பிடிக்கலாம், சடங்கு செய்யலாம். அதை வைத்துப் பிழைக்கத் தனி உரிமம் வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த இருப்பு.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் சொன்ன அடுத்த வரியில்தான் விஷயம் புரிந்தது. ஏற்கெனவே உரிமங்கள் கொடுத்து முடித்துவிட்ட வட்டாரத்தில் ஒதுக்குவதற்குத் தண்ணீர் மிச்சம் இருக்காது. அங்கே இந்த இருப்பு தாளில் மட்டும் இருக்கும். பழைய உரிமக்காரர் யாராவது விட்டுக்கொடுத்தால், அல்லது அரசு அவரிடமிருந்து பிடுங்கினால் நிரம்பும். "நாங்கள் கடைசி வரிசை" என்றார், குரலை உயர்த்தாமல். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு வீட்டுக்காரரை உட்காரச் சொல்லி, பாத்திரத்தில் இருப்பதில் உனக்கு 30 சதவீதம் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அந்த இடத்திலேயே முகம் சூடாகிவிட்டது. இந்தத் தண்ணீரில்தான் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன்.

ஜூலை 16, புதன் – டென்னன்ட் கிரீக்

நாள் முழுக்க சாலை. 550 கி.மீ.க்கு மேல். வளைவே இல்லை, இரண்டு பக்கமும் கரையான் புற்று, சில புற்றுகளுக்கு யாரோ சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் ஒரு ரோட்ஹவுஸில் லிட்டர் 2.45 டாலர். கல்லாவில் நின்ற பையன் லூதியானா, வந்து எட்டு மாதமாம், எங்களைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டான். எனக்கு அரைகுறைதான் புரியும். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான், அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

டென்னன்ட் கிரீக் வந்தபோது இருட்டிவிட்டது, குளிர் 8 டிகிரி. விடுதியில் எங்கள் முன்பதிவு இல்லை என்றார்கள், மின்னஞ்சலைக் காட்டியபிறகு இருந்தது. பிரெட்டும் ஊறுகாயும் தின்று படுத்தோம்.

ஜூலை 17, வியாழன் – கார்லு கார்லு, பாரோ கிரீக்

கார்லு கார்லு பாறைகளைச் சூரியன் ஏறும் நேரத்தில் பார்த்தோம், வீடு உயரத்துக்கு உருண்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று. 2008இல் இது உரியவர்களிடம் திரும்பியது. படம் எடுக்கலாம், சில கற்கள்மேல் ஏறக்கூடாது. ஏறியிருந்த ஒரு குடும்பத்தை, இன்னொரு சுற்றுலாப் பயணியே மரியாதையாக இறங்கச் சொன்னார், அவர்களும் மன்னிப்புக் கேட்டு இறங்கினார்கள்.

இதற்குத் தெற்கே சாலையோரமாகவே சிங்கிள்டன் பண்ணை வருகிறது. பார்த்தால் காய்ந்த புல், குட்டை மரம், வேறு ஒன்றும் இல்லை. 2021 ஏப்ரலில் இந்தப் பண்ணைக்கு, பழமும் காய்கறியும் விளைக்க, வருடத்துக்கு 4,000 கோடி லிட்டர் வரை நிலத்தடி நீர் எடுக்க 30 வருட உரிமம் கொடுத்தார்கள். எடுக்கும் தண்ணீருக்கு விலை கிடையாது. சுற்றியிருக்கும் கைத்தேயே மக்களும் மற்ற சமூகத்தவரும் பதறிப்போனதற்குக் காரணம் உண்டு. இங்கே நீர்மட்டம் மேலே இருக்கும் இடங்களில் சில மரங்கள் வேரை நேராக நிலத்தடித் தண்ணீருக்கே இறக்கி நிற்கின்றன. அந்த மரங்களும் ஊற்றுகளும் அவர்களுக்குக் கோயில். நீர்மட்டம் இறங்கினால் மரம் முதலில் சாகும். கோர்ட்டுக்குப் போனார்கள். பக்கத்தில் இருக்கும் அலி கரங் ஊரில் குடிநீருக்கே கவலை இருக்கும்போது, பக்கத்து வேலிக்குள் இப்படி ஓர் அளவா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? வேலைவாய்ப்பு வரும் என்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்தபிறகு அவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது முறையே இல்லை.

பாரோ கிரீக்கில் பழைய தந்தி நிலையம் கல் கட்டடமாக நிற்கிறது. 1872இல் டார்வினிலிருந்து தெற்குக் கரை வரை தந்திக் கம்பி இழுத்தபோது, ஆளும் குதிரையும் பிழைக்க வேண்டுமே, நிலையங்களை நீர்நிலை பார்த்துத்தான் வைத்தார்கள். அந்தக் கம்பி போன வழிதான் இன்றைய நெடுஞ்சாலையின் பெரும்பகுதி. அப்படியென்றால் நாங்கள் ஏசி காரில் 110, 130 வேகத்தில் வந்த பாதை, பல தலைமுறையாக ஒவ்வொரு குடும்பமும் பொறுப்பேற்றுக் காத்த நீர்நிலைகளைத் தொட்டுத் தொட்டு வந்த பாதை. நிலையம் வந்ததும் அந்தத் தண்ணீரை விட்டு அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1874இல் கைத்தேயே ஆட்கள் இந்த நிலையத்தைத் தாக்கியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. நிலைய ஊழியர் இருவர் இறந்தார்கள், அவர்கள் கல்லறை இங்கே இருக்கிறது. பழிவாங்கக் கிளம்பிய படை வாரக்கணக்கில் சுற்றிப் பூர்வகுடிகள் நிறையப் பேரைக் கொன்றது. நான் தேடிய வரையில் அவர்களுக்கு இங்கே கல்லறை கண்ணில் படவில்லை.

மனைவி காரை விட்டு இறங்கவே இல்லை. வெயில் என்றாள். 23 டிகிரிதான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி – ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

காலை 3 டிகிரி, காரின் மேல் பனி. டாட் ஆறு என்று பாலத்தில் எழுதியிருக்கிறது, கீழே வெறும் மணல், நடுவில் பெரிய பெரிய யூக்கலிப்டஸ். மைத்துனன் மணலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "வைகைல ஊத்து தோண்டுற மாதிரி இங்கயும் தோண்டித்தான் குடிச்சிருக்காங்க அத்தான்" என்றான். உண்மைதான், எந்த இடத்தில் தோண்டினால் வரும், எவ்வளவு எடுத்துவிட்டு மூட வேண்டும் என்பதெல்லாம் இங்குள்ள அரெர்ந்தே மக்களுக்குப் படிப்பு. ஊருக்கு இன்று தண்ணீர் வெளியே ரோ கிரீக் பக்கம் ஆழ்குழாய்களிலிருந்து வருகிறது, பல்லாயிரம் வருடப் பழைய தண்ணீர். மழை அதை ஈடுசெய்வதில்லை, மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது.

மனைவியோடு முன்பு மெல்போர்னில் வேலை பார்த்த ஒரு மலையாளி நர்ஸ் இப்போது இங்கே டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறார். சேச்சி வீட்டில் புட்டு, கடலைக்கறி, பப்படம். பயணம் முழுக்க பர்கரும் சிப்ஸுமாக வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழுதிக் காட்டத் தேவையில்லை, இரண்டு குழல் புட்டு நான் மட்டும்.

அவர் சொன்ன கணக்கு: ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய 120 லிட்டர் மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும், வாரம் மூன்று தடவை. அதைச் சுத்தம் செய்யும்போது வீணாவது தனி. மத்திய ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளிடையே சிறுநீரக நோய் மிக அதிகம், ஊரில் மெஷின் வைக்கத் தண்ணீர் சரியில்லை என்றால் ஊரையும் உறவையும் விட்டு ஆலிஸில் வந்து கிடக்க வேண்டும். கின்டோர் என்ற தொலைதூர ஊர்ப் பக்கத்து மக்கள் 2000இல் தங்கள் ஓவியங்களை ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2004இல் சொந்த ஊரிலேயே டயாலிசிஸ் தொடங்கினார்கள். அதுதான் இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற அமைப்பு, லாரியிலும் மெஷின் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். "எங்க பேஷன்ட் ஒருத்தர், ஊருக்குப் போய் ரெண்டு வாரம் இருந்துட்டு வந்தா பிரஷரே குறைஞ்சிடும் தெரியுமோ" என்றார் சேச்சி.

அப்போதுதான் லாரம்பா பேச்சு வந்தது. இங்கிருந்து சுமார் 200 கி.மீ. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் யுரேனியம், மண்ணிலேயே இருப்பது. லிட்டருக்கு 17 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்று தேசிய வரம்பு இருந்தபோது அங்கே 46. யுரேனியம் முதலில் தொடுவது சிறுநீரகத்தைத்தான். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், வீடுகளுக்குச் சொந்தக்காரரான அரசுத் துறைக்குத் தண்ணீரில் பொறுப்பில்லை என்று 2020இல் தீர்ப்பாயம் முதலில் கைவிரித்தது. 2023இல்தான் அதைப் பிரித்தெடுக்கும் நிலையம் வந்தது. கேத்தரினுக்கு 2017இலேயே முதல் சுத்திகரிப்பு இயந்திரம் வந்திறங்கிவிட்டது, அங்கே பெரிய ஊர், விமானப்படைத் தளம், தொலைக்காட்சி கேமரா எல்லாம் இருந்தன. லாரம்பாவில் சில நூறு பேர். வேகம் எதைப் பொறுத்து அமைகிறது என்று பார்த்தாலே தெரிகிறது, எனக்கு இதை மென்மையாகச் சொல்ல வரவில்லை.

மாலையில் பர்ப்பிள் ஹவுஸில் அவர்களே காட்டு மூலிகையில் காய்ச்சும் தைலம் வாங்கினோம், சிறு டப்பி. விற்ற பணம் டயாலிசிஸுக்குப் போகிறது. வலிக்கு மனைவி முழங்காலில் தேய்த்துப் பார்த்தாள், வாசனை நம் நொச்சித் தைலத்தைவிடக் காரம்.

அலி கரங்கில் ஒரு கலை மையம் இருக்கிறது, ஓவியர்களிடமே நேரில் வாங்கலாம் என்றார் சேச்சி. பூர்வகுடி நிலத்துக்குள் போக மத்திய நிலக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், நினைத்த மாதிரி காரைத் திருப்பிக்கொண்டு போக முடியாது, அது சரியும்கூட. மைத்துனன் ஆகஸ்ட் கடைசிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அக்டோபர் ஆகிவிட்டால் 40 டிகிரி, அப்புறம் வராதீர்கள் என்று சேச்சி கண்டித்துச் சொல்லிவிட்டார். யாராவது சேர்ந்து வருவதாக இருந்தால் எழுதுங்கள், காரில் ஒரு இடம் இருக்கிறது, தண்ணீர் ஆளுக்கு 20 லிட்டர் கொண்டு வர வேண்டும்.